கர்ட்னி லவ்வைக் கேட்பது எப்படி: வம்பை ஒதுக்கிவிடாமல்

கர்ட்னி லவ் யார் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் விதவை. போதை மருந்து. கிழிந்த கவுன், கலைந்த உதட்டுச்சாயம். 1995 எம்டிவி விருது விழாவில் மடோனா பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து பவுடர் டப்பாவை விட்டெறிந்தவர். சரி, அவர் பாட்டில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நான் வடபழனியில் மிக்ஸிங் செய்து பிழைப்பவள். பகலெல்லாம் பக்திப் பாடல், விளம்பர ஜிங்கிள், எப்போதாவது ஒரு குறும்படம். ராத்திரி எல்லோரும் கிளம்பிய பிறகு பெரிய ஸ்பீக்கரில் எனக்காக ஓடுவதில் கர்ட்னியின் ஹோல் குழு செய்த ஆல்பங்கள் அதிகம். எங்களிடம் கிட்டார் வாசிக்க வரும் ஒரு பையன் அதைக் கேட்டுவிட்டு, "அக்கா, இது புருஷனைக் கொன்ன பொம்பளதானே?" என்றான். அவனிடம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கோபேன் 1994 ஏப்ரல் 5 அன்று இறந்தார், 8ஆம் தேதி உடல் கண்டெடுக்கப்பட்டது. தற்கொலை என்பது சியாட்டில் போலீஸின் முடிவு. 2014இல் கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதும் அந்த முடிவு மாறவில்லை. இதைத் தோண்டிக்கொண்டே இருப்பதற்கென்று தனி ஆவணப்படங்கள், தனிக் கூட்டம் எல்லாம் உண்டு. அங்கே போனவர்கள் பாட்டுப் பக்கம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு அறிவுரை வரும்: ஆளை விடு, இசையை மட்டும் கேள். வேறு பலருக்கு இது சரிப்படலாம். இவருக்குச் சரிப்படாது. கர்ட்னியின் முக்கியமான பாடல்களின் விஷயமே, ஊரே ஒரு பெண்ணை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான். தன்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதையே எடுத்துப் பாட்டில் போட்டார், அதையே உடையாக உடுத்தினார். வம்பை முழுசாகத் துடைத்துவிட்டுக் கேட்டால் பாட்டில் பாதி போய்விடும். வம்பை மட்டும் வைத்துக் கேட்டால் மிச்சப் பாதியும் போய்விடும். வம்பு பக்கத்திலேயே இருக்கட்டும். எந்த வருஷத்து வம்பு என்ற தேதியோடு இருக்கட்டும்.

ஆகவே ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஹோல் குழு தொடங்கியது 1989, லாஸ் ஏஞ்சலஸ். கர்ட்னியும் கிட்டார் கலைஞர் எரிக் எர்லண்ட்சனும் சேர்ந்து. முதல் ஆல்பம் 'பிரிட்டி ஆன் தி இன்சைட்' 1991 செப்டம்பர், நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்த அதே மாதம். கல்யாணம் 1992 பிப்ரவரி 24, ஹவாய். குழந்தை அதே ஆண்டு ஆகஸ்ட். இரண்டாவது ஆல்பம் 'லைவ் த்ரூ திஸ்' பதிவானது 1993 அக்டோபர், வெளியானது 1994 ஏப்ரல் 12. கடைசி இரண்டு தேதிகளுக்கும் அடியில் கோடு போடுங்கள்.

கேட்பதை அந்த இரண்டாவது ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். முதல் ஆல்பத்தைத் தொட வேண்டாம். சோனிக் யூத் குழுவின் கிம் கார்டனும் டான் ஃப்ளெமிங்கும் தயாரித்தது அது. வேண்டுமென்றே அருவருப்பாக, கரகரவென்று, மூச்சுமுட்ட வைக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கும். ஆனால் முதல் நாளே அதைப் போட்டால், 'பேப்பரில் எழுதினது சரிதான் போல' என்று மூடி வைத்துவிடுவீர்கள்.

'லைவ் த்ரூ திஸ்' மொத்தம் 38 நிமிடம், 12 பாட்டு. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். சுமாரான ஹெட்ஃபோன் போதும். வரிசையைக் கொஞ்சம் மாற்றி, முதலில் 'மிஸ் வேர்ல்ட்' போடுங்கள். தெளிவான கிட்டார், கிட்டத்தட்டத் தூக்கம் கலையாத குரல். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து இடிந்து விழும். அமைதி, பிறகு வெடிப்பு. தொண்ணூறுகளின் ராக்கில் எல்லோரும் செய்ததுதான் இது. இங்கே அந்த அமைப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. பாடுகிறவள் அழகிப் போட்டியில் ஜெயித்தவள். அமைதியான பகுதியில் மேடையில் நிற்கச் சொன்னபடி நிற்கிறாள், வெடிப்பு வரும்போது உள்ளே இருப்பது வெளியே வருகிறது. தானே விரித்துக்கொண்ட படுக்கை, இதில்தான் கிடப்பேன், இதில்தான் சாவேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஒருமுறை கேட்டுவிட்டு ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். கிரீடம் வைத்த அழகி, கையில் பூங்கொத்து, கண்மை வழிந்த முகம், ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறாள். புகைப்படம் எல்லன் வான் அன்வெர்த் எடுத்தது. அட்டையில் இருப்பது ஒரு மாடல். கர்ட்னி பின்னட்டையில் இருக்கிறார், வெறுங்காலோடு நிற்கும் சின்னப் பெண்ணாக. முன்னட்டையும் பின்னட்டையும் சேர்ந்ததுதான் ஆல்பம் என்று எனக்குப் படுகிறது.

அடுத்து 'டால் பார்ட்ஸ்'. கார்டுகள் (chords) ரொம்பச் சுலபம், கிட்டார் கற்க ஆரம்பித்தவர்கள்கூட வாசித்துவிடலாம். இந்தப் பாட்டைக் கடைசிப் பகுதிக்காகக் கேளுங்கள். எனக்கு வலிக்கிற மாதிரி உனக்கும் ஒருநாள் வலிக்கும் என்ற ஒரே வரியைச் சொல்லிக்கொண்டே போகிறார். முதலில் அது புலம்பல். பிறகு மிரட்டல். அதற்கும் பிறகு சாபம். மெட்டு மாறவில்லை, வார்த்தை மாறவில்லை, தொண்டை மட்டும் மாறுகிறது. இவருக்குப் பாடத் தெரியாது என்று சொல்பவர்களிடம் நான் போட்டுக் காட்டுவது இந்த இடத்தைத்தான். சுத்தமான சுருதி வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஒரே வரியை வெவ்வேறு மனநிலையில் நிறுத்தக் கூடியவர்கள் எல்லா மொழியிலும் குறைவு.

அதன் பிறகு 'வயலட்'டில் தொடங்கி முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேளுங்கள். இந்தத் தடவை கர்ட்னியை விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனியுங்கள். வம்புச் செய்திகள் அவருக்குச் செய்த கெடுதலைவிடக் குழுவுக்குச் செய்தது அதிகம் என்று சொல்வேன். ஒரு குழு இருந்ததே பலருக்குத் தெரியாது. எர்லண்ட்சனின் கிட்டார் அலட்டிக்கொள்ளாது. குரலுக்கு வழி விட்டு நிற்கும், தேவைப்படும்போது மட்டும் சுவராக எழும். டிரம்ஸ் வாசிப்பவர் பேட்டி ஷெமல் (Patty Schemel). 'வயலட்'டில் வெடிப்புக்கு முன்னால் அவர் எப்படி ஏற்றிக் கொண்டுவருகிறார் என்று கேளுங்கள். பாஸ் கிட்டார் கிறிஸ்டன் ஃபாஃப், பின்னணியும் பாடியிருக்கிறார். மினியாபொலிஸில் ஜானிட்டர் ஜோ என்ற குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர். அவர் வந்த பிறகுதான் இந்தக் குழு தரையில் கால் ஊன்றியது. 1994 ஜூன் 16 அன்று ஹெராயினால் இறந்தார். வயது 27. கோபேன் போய் அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பதிவு செய்தது அட்லாண்டா பக்கம் மரியெட்டா ஊரில், ட்ரைக்ளாப்ஸ் ஸ்டூடியோ. அதே வருஷம் கொஞ்சம் முன்னால் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழு 'சயமீஸ் ட்ரீம்' ஆல்பத்தைப் பதிவு செய்து முடித்த இடம். தயாரிப்பாளர்கள் பால் கோல்டெரி, ஷான் ஸ்லேட்; ரேடியோஹெட் குழுவின் 'க்ரீப்' பாட்டைத் தயாரித்த ஜோடி. என் தொழில் காதுக்கு அவர்கள் செய்த நல்ல காரியம், வரி முடிவில் கர்ட்னியின் குரல் உடையும் இடங்களை அப்படியே விட்டதுதான். நானாக இருந்தால் அந்த டேக்குகளில் ஒன்றிரண்டை மாற்றச் சொல்லிக் கேட்டிருப்பேன். அது அந்த ஆல்பத்தைக் கெடுத்திருக்கும்.

வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய பாடல்கள் இரண்டு. 'ஆஸ்கிங் ஃபார் இட்' ஒன்று. 1991இல் மட்ஹனி குழுவோடு சுற்றுப்பயணம் போனபோது மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதித்தார். ஆண் பாடகர்கள் தினமும் செய்வதுதான். இவருடைய உடையைக் கிழித்தார்கள், உடம்பில் கை வைத்தார்கள். அதிலிருந்து வந்த பாட்டு. ஆல்பத்தின் தலைப்பும் இதிலுள்ள வரிதான். இங்கே உங்கள் தாளைப் பாருங்கள்: பதிவானது 1993 அக்டோபர். கணவன் செத்த வாரத்தில் கடைக்கு வந்ததால் இது விதவையின் ஆல்பம் என்று ஊரே கேட்டது. செய்த நேரத்தில் அவர் விதவை இல்லை. இருந்து பிழைத்துப் போவோம் என்று ஒரு ஜோடியில் ஒருத்தி இன்னொருவருக்குச் சொன்ன பேச்சாக அதைக் கேளுங்கள். வேறு மாதிரி கனக்கும்.

இன்னொன்று 'ஐ திங்க் தட் ஐ வுட் டை'. 1992 செப்டம்பர் இதழில் 'வேனிட்டி ஃபேர்' அவரைப் பற்றி ஒரு நீளமான கட்டுரை போட்டது. கர்ப்பமாக இருந்தபோது ஹெராயின் எடுத்தார் என்பது அதன் சாரம். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு எடுக்கவில்லை என்பது அவர் தரப்பு. குழந்தைகள் நலத்துறை தலையிட்டது, சில காலம் குழந்தை அவர்கள் பொறுப்பில் இல்லை. என் குழந்தை எங்கே, பால் இல்லை என்று இந்தப் பாட்டில் கத்துவது அந்த வருஷத்தைத்தான். கேட்டு முடித்த பிறகு நீங்கள் அவர் பக்கம் சாய வேண்டும் என்று அவசியமில்லை. நான் முழுக்கச் சாய்ந்ததில்லை. அந்தக் கட்டுரையில் இல்லாத ஒரு குரல் இந்தப் பாட்டில் இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டுப் பேசினால் போதும்.

கடைசிப் பாட்டில் ஒரு வேடிக்கை. அட்டையில் 'ராக் ஸ்டார்' என்று போட்டிருக்கும். உள்ளே ஓடுவது 'ஒலிம்பியா' என்ற வேறு பாட்டு. அட்டை அச்சான பிறகு பாட்டை மாற்றிவிட்டார்கள், பெயர் அப்படியே தங்கிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரத்துப் பெண்ணியப் பங்க் குழுக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள் என்று கிண்டல் செய்கிற பாட்டு அது. அந்தக் கிண்டல் பாட்டோடு நிற்கவில்லை. 1995இல் லொல்லபலூசா விழாவில் அந்த வகைக் குழுக்களில் ஒன்றான பிகினி கில்லின் பாடகி கேத்லீன் ஹானாவை கர்ட்னி அடித்தார், விஷயம் நீதிமன்றம் வரை போனது. இதற்கெல்லாம் சமாதானம் தேடாதீர்கள். ரசிகர்கள் வக்கீலாக மாறும்போதுதான் காது மந்தமாகிறது.

'எல்லாம் கோபேன் எழுதிக் கொடுத்தது' என்ற பேச்சுக்கும் ஒரு வழி சொல்கிறேன். வாதாட வேண்டாம், ஒரு பதிவைப் போட்டுக் காட்டுங்கள். 1991 நவம்பரில் பிபிசி வானொலியின் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக ஹோல் வாசித்த பாடல்களில் 'வயலட்', 'டால் பார்ட்ஸ்' இரண்டும் இருக்கின்றன. கோபேனும் கர்ட்னியும் அப்போதுதான் பழக ஆரம்பித்திருந்தார்கள். ஆல்பத்தின் மிகப் பிரபலமான இரண்டு பாட்டு, கல்யாணத்துக்கு முன்பே முழு உருவத்தோடு நிற்கிறது. கோபேன் ஸ்டூடியோவுக்கு வந்து ஓரிரு பாட்டில் பின்னணி பாடினார் என்பது உண்மை. 'ஓல்ட் ஏஜ்' என்ற நிர்வாணா பாட்டை ஹோல் எடுத்து வரி மாற்றிப் பாடியதும் உண்மை. ஒரே வீட்டில் இரண்டு பாட்டுக்காரர்கள் இருந்தால் மெட்டு சுவரைத் தாண்டத்தான் செய்யும். கோபேன் பாட்டில் கர்ட்னியின் சாயல் எங்கே என்று யாரும் தேடியதாகத் தெரியவில்லை. இந்த வதந்தியில் கர்ட்னியோடு எர்லண்ட்சனும் சேர்ந்து காணாமல் போகிறார், அது எனக்கு இன்னும் எரிச்சல்.

துக்கத்தைக் கேட்க வேண்டுமென்றால் அது வேறு இடத்தில் இருக்கிறது. 1994 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் ரெடிங் இசைவிழா மேடை. பிறகு 1995 பிப்ரவரி 14, காதலர் தினத்தில், புரூக்ளினில் பதிவான எம்டிவி அன்ப்ளக்ட், மின்கிட்டார் இரைச்சலைக் குறைத்து வாசிக்கும் நிகழ்ச்சி. பாஸில் ஃபாஃபின் இடத்துக்கு வந்த மெலிஸா ஆஃப் டெர் மார். அன்ப்ளக்ட்டில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நிர்வாணா கடைசியாகப் பதிவு செய்த பாட்டை கர்ட்னி பாடுகிறார். அந்த நிர்வாணா பதிவு வெளிவர அதற்குப் பிறகு ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்னொன்று, 'ஹி ஹிட் மி'. 1962இல் கிறிஸ்டல்ஸ் என்ற பெண்கள் குழு பாடியது. அவன் அடித்தான், எனக்கு முத்தம் மாதிரி இருந்தது என்று இனிக்க இனிக்கப் பாடும் பாட்டு. எழுதியது கெர்ரி காஃபின், கரோல் கிங். கர்ட்னி அதில் ஒரு வரியையும் மாற்றவில்லை, கத்தவும் இல்லை. அப்படியே பாடுகிறார், கேட்கிற நமக்குக் கூசுகிறது. கத்தத்தான் தெரியும் என்று பெயர் வாங்கியவர் கத்தாமல் செய்த காரியம்.

அடுத்தது 'செலிப்ரிட்டி ஸ்கின்', 1998. வழவழவென்று மெருகேற்றிய கலிபோர்னியா ஆல்பம். நடுவில் அவர் 'தி பீப்பிள் வெர்சஸ் லாரி ஃப்ளிண்ட்' படத்தில் நடித்து கோல்டன் குளோப் பரிந்துரை வாங்கியிருந்தார், கவுனும் ஒழுங்காகியிருந்தது. ஹாலிவுட்டுக்கு விலைபோய்விட்டார் என்றார்கள். பாட்டைக் கேட்டால் அந்த விலைபோவதைத்தான் முதல் பாட்டிலிருந்தே பாடிக்கொண்டிருக்கிறார். 'மாலிபு', 'நார்தர்ன் ஸ்டார்' இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள், ஒன்று கடற்கரை வெயில், மற்றது குளிர். பம்ப்கின்ஸின் பில்லி கோர்கனுக்கு ஐந்து பாட்டில் பங்கு உண்டு. அது அட்டையிலேயே போட்டிருக்கிறது, ரகசியம் இல்லை.

இந்த ஆல்பத்தில் எனக்கு ஆறாத ஒரு விஷயம் டிரம்ஸ். அட்டைப் படத்தில் நால்வரில் ஒருவராக பேட்டி ஷெமல் நிற்கிறார். உள்ளே வாசித்திருப்பது டீன் காஸ்ட்ரனோவோ என்ற ஸ்டூடியோ டிரம்மர். தயாரிப்பாளர் மைக்கேல் பெய்ன்ஹார்னுக்கு ஷெமலின் வாசிப்பில் திருப்தியில்லை. குழு அவருக்காக நிற்கவில்லை, அதில் கர்ட்னிக்கும் பங்கு உண்டு. ஷெமல் வெளியேறி, போதையில் விழுந்து, தெருவில் கிடந்து, மீண்டு வந்தார். அவரைப் பற்றி 2011இல் வந்த 'ஹிட் ஸோ ஹார்ட்' ஆவணப்படத்தைப் பாருங்கள். ஹோல் பற்றி ஒரே ஒரு படம் பார்ப்பதென்றால் அதுதான். கர்ட்னி அதில் ஓரமாகத்தான் வருகிறார். ஒப்பிட்டுக் கேட்டால் எந்த மிக்ஸிங் ஆளுக்கும் வித்தியாசம் தெரியும்: 1998 டிரம்ஸ் ரொம்பச் சரியாக இருக்கிறது.

பாட்டுக்கு வெளியே ஒரே ஒரு விஷயம் படியுங்கள். 2000 மே மாதம் நியூயார்க்கில் ஒரு இசைத்தொழில் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை. 'சலான்' இணைய இதழ் அதை வெளியிட்டது. இணையத்தில் பாட்டை இலவசமாகப் பரிமாறிக்கொள்ள உதவிய நாப்ஸ்டரைப் பற்றி எல்லோரும் திருட்டு, திருட்டு என்று கூவிக்கொண்டிருந்த நேரம். நிஜமான திருட்டு எங்கே நடக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். நால்வர் கொண்ட குழுவுக்கு 10 லட்சம் டாலர் முன்பணம். பதிவுக்கு 5 லட்சம், மேனேஜருக்கு 1 லட்சம், வக்கீலுக்கும் கணக்காளருக்கும் தலா 25,000, பிறகு வரி. மிஞ்சுவது ஆளுக்கு 45,000. 10 லட்சம் பிரதி விற்ற பிறகும், வீடியோ செலவு, விளம்பரச் செலவு என்று கழித்துக் கழித்துக் குழுவுக்கு வருவது பூஜ்யம். கம்பெனிக்கு 66 லட்சம் லாபம். இதே வகைக் கணக்கை ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993லேயே எழுதிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பெரிய கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே மேடையில் இதைப் பேசியவர் இவர். ராயல்டி என்ற சொல்லைக் கேட்டுப் பெருமூச்சு விட்ட இசைக்கலைஞர்களை நான் தினமும் பார்க்கிறேன், அவர்களுக்கு இந்த உரை உடனே புரியும்.

2005இல் சிவப்புக் கம்பளத்தில் ஒரு கேமரா முன், ஹாலிவுட் வரும் இளம்பெண்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டபோது, படத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் ஹோட்டலில் தனி விருந்துக்குக் கூப்பிட்டால் போகாதே என்றார். 2017இல் வைன்ஸ்டீன் மீதான பாலியல் புகார்கள் வெடித்த பிறகுதான் அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கிறுக்கு என்று முத்திரை குத்தப்பட்டவர் சொன்னதால் பன்னிரண்டு வருஷம் அது வெறும் உளறலாக இருந்தது.

2004இல் வந்த தனி ஆல்பத்தை விட்டுவிடலாம். 2010இன் 'நோபடிஸ் டாட்டர்' ஆல்பத்தில் 'பசிஃபிக் கோஸ்ட் ஹைவே' மட்டும் போதும், அதுவும் 'மாலிபு' பிடித்தவர்களுக்கு. இவ்வளவுக்குப் பிறகு 'பிரிட்டி ஆன் தி இன்சைட்' போடுங்கள். இப்போது அந்தக் கரகரப்புக்குள் 'டால் பார்ட்ஸ்' பாடிய அதே தொண்டை கேட்கும்.

ஜான் பீல் பதிவு 1995இல் வந்த 'ஆஸ்க் ஃபார் இட்' என்ற சிறு தட்டில் இருக்கிறது. 'ஹி ஹிட் மி' 1997 தொகுப்பான 'மை பாடி, தி ஹேண்ட் கிரனேட்'டில் கிடைக்கும். இத்தனையும் கேட்டும் குரல் ஒத்துவரவில்லை என்றால் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். 'ஐ திங்க் தட் ஐ வுட் டை' பாட்டை கர்ட்னியோடு சேர்ந்து எழுதிய கேட் பியெலண்ட், பேப்ஸ் இன் டாய்லாண்ட் குழுவில் 1992இல் 'ஃபோன்டனெல்' என்றொரு ஆல்பம் செய்திருக்கிறார். அங்கே போங்கள், அவரைப் பற்றி யாரும் உங்களிடம் வம்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.